உறவு ஏதும் இல்லை என்று ஒரு கையெழுத்து

புளியங்கரைப்பட்டி,
எழுமலை வழி.
12.6.2025

தம்பி அழகுபாண்டிக்கு,

உன் நம்பருக்கு இனிமேல் போன் போட மாட்டேன் என்று நேற்று பஸ்ஸை விட்டு இறங்கியதும் கருப்பசாமி கோயில் வாசலில் நின்று சத்தியம் செய்துவிட்டேன். கடிதம் எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன். நலம் விசாரிப்பேன் என்று எதிர்பார்க்காதே.

பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்காமல் இரண்டு பஸ் மாறி உன் ஆபீசுக்கு வந்தேன். உன்னைப் பார்த்ததும் பாதி களைப்பு போய்விட்டது. வாயைத் திறப்பதற்குள் நீ சொல்கிறாய்: "அம்மா, மனுவ தபால் செக்சன்ல குடுங்கம்மா." அம்மாவாம்! என் இடுப்பை விட்டு இறங்க மாட்டேன் என்று அழுத பயல், உன் என்ஜினியர் முத்துப்பாண்டி பக்கத்தில் நிற்கிறார் என்பதற்காகக் கூடப்பிறந்தவளை யாரோ எவளோ ஆக்கிவிட்டாய். நான் கத்தியது உண்மைதான். இன்னும் கொஞ்சம் கத்தியிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

காற்றாலைக் காத்தாடி வேண்டாம் என்று இந்த ஊரில் யாரும் சொல்லவில்லை. முதலில் அளக்க வந்தவர்கள் கரட்டுக் குன்றின் மேல்தான் குறி வைத்துவிட்டுப் போனார்கள். ஆடிக் காற்றில் அங்கே ஆடு கூட நிற்காது. இப்போது என்ன மாயமோ, கரட்டை விட்டுவிட்டு ஓடைக்கரைக்கு இறங்கிவிட்டார்கள். கிரேன் வர ரோடு வேண்டுமாம். ஓடைக்குக் குறுக்கே கல் ஊன்றிவிட்டார்கள், மண் அடித்து மேடாக்கப் போகிறார்கள். மலைத் தண்ணீர் நம் கண்மாய்க்கு வர அந்த ஓடையைத் தவிர வேறு வழி கிடையாது. கண்மாய் பெருகாவிட்டால் நம் நாலு ஏக்கரும் தரிசு, ஊரில் மற்ற அறுபது குடும்பத்து நிலமும் தரிசு.

காத்தாடிக் கம்பெனிக்காக இங்கே நின்று வேலை பார்ப்பது கருத்தக்கண்ணன். கேட்டால், "முத அனுமதி வாங்கியாச்சு. இன்னொன்னும் வந்துரும். ஒனக்குச் சந்தேகம்னா மதுரையில போய்க் கேளு" என்கிறான். மதுரையில் அந்த பைல் உன் மேஜையில்தான் இருக்கிறது என்று ஊருக்கே தெரியும். என் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல முடியாத நீ, தாளைப் பார்த்தாவது சொல்.

முனீஸ்வரி
(அக்கா என்று போடவில்லை. உனக்குத்தான் அப்படி யாரும் இல்லையே.)

மதுரை
19.6.2025

அக்காவுக்கு,

நீ எழுதியது ஒவ்வொரு வரியும் உண்மை. பயந்துவிட்டேன். அவ்வளவுதான். ஓடைக்கரையை நேரில் பார்த்து அறிக்கை எழுதியவரே முத்துப்பாண்டி சார்தான். அந்த அறிக்கையை எதிர்த்து நீ மனுவோடு நிற்கிறாய், அவர் என் தோளுக்குப் பக்கத்தில் நிற்கிறார். என் வாயிலிருந்து "அம்மா" என்று வந்துவிட்டது. நீ போன பிறகு அன்று டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை.

பைலில் இருப்பதை நான் உனக்குச் சொல்ல முடியாது. சொன்னால் தப்பு. ஆனால் ஊருக்குத் தெரிய வேண்டியதைப் பஞ்சாயத்து ஆபீஸ் பலகையில் ஒட்டச் சொல்லி அறிவிப்பு அனுப்பியிருக்கிறோம். ஒட்டினார்களா என்று பார். ஒட்டவில்லை என்றால் கேட்டு வாங்கிப் படி. அது உன் உரிமை.

இன்னொன்று. ஒரு பைலில் தனக்கோ தன் சொந்தக்காரருக்கோ லாப நஷ்டம் இருந்தால் அதை எழுதிக் கொடுத்துவிட்டு விலக வேண்டும் என்று விதி இருக்கிறது. யாரும் அதை மதிப்பதில்லை. நீ மனு கொடுத்த நிமிடத்திலிருந்து நான் மனுதாரரின் தம்பி. அதை எழுதிக் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன்.

மச்சானுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

அழகுபாண்டி

புளியங்கரைப்பட்டி
26.6.2025

அழகுபாண்டிக்கு,

மச்சான் முழங்காலை அப்புறம் பார்க்கலாம். உன் மூளைக்கு என்ன வந்தது?

அறிவிப்பை ஒட்டியிருந்தார்கள், சொட்டு மருந்து போஸ்டருக்கு அடியில். கிளார்க்கைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டு மேலே இருந்ததை உரித்துப் படித்தேன். ஓடைக்கரையில் காத்தாடி வரும் இடம் முழுக்க வீ. சரண்யாதேவி என்பவருடைய நிலமாம். ஆய்வு செய்த அதிகாரி, "இவ்விடத்தில் நீர்வழி ஏதும் இல்லை" என்று எழுதியிருக்கிறாராம். போன ஐப்பசியில் அந்த ஓடையில் என் செருப்பு அடித்துக்கொண்டு போனது. அதை எந்த வழியில் சேர்ப்பது?

சரி, அந்தச் சரண்யாதேவி யார்? ரேசன் கடையில் கேட்டேன். நூறுநாள் வேலையில் முப்பது பொம்பளைகளிடம் கேட்டேன். கருத்தக்கண்ணன் பொண்டாட்டி வாடிப்பட்டியாவிடம் கூடக் கேட்டேன். "எனக்கென்ன மதினி தெரியும்" என்று முகத்தைக் கூடக் காட்டாமல் உள்ளே போய்விட்டாள். இந்த ஊரில் அப்படி ஒருத்தி இல்லவே இல்லை. எந்த ஊர்க்காரியோ வந்து நம் ஓடையை வாங்கிவிட்டாள்.

இந்த நேரத்தில் நீ எழுந்து போகிறேன் என்கிறாய்! களத்தில் நெல்லைப் போட்டுவிட்டுக் காவல்காரன் வீட்டுக்குப் போவது மாதிரி இருக்கிறது. நம் ஆள் ஒருத்தன் உள்ளே இருக்கிறான் என்று ஊரில் கொஞ்சம் தெம்பாக இருக்கிறார்கள். அந்தப் பைலைப் பத்து நாள் தொலைத்துவிடு, ஒரு தாளைக் கிழித்துவிடு, எதையாவது செய். விலகிப் போவதற்கா உன்னைப் படிக்க வைத்தோம்?

முனீஸ்வரி

மதுரை
8.7.2025

அக்காவுக்கு,

எழுதிக் கொடுத்துவிட்டேன். 30ஆம் தேதியே கொடுத்துவிட்டேன். உன் கடிதம் அதற்கு மறுநாள்தான் வந்தது. முன்னாலேயே வந்திருந்தாலும் கொடுத்திருப்பேன்.

முத்துப்பாண்டி சார் என் தாளைப் படித்துவிட்டுச் சிரித்தார். "என்னப்பா, அரிச்சந்திரன் வேசமா? ஒன்னய யாரு கேட்டா?" என்றார். ஆனால் மேலே இருக்கும் பெரிய அதிகாரி சிரிக்கவில்லை. ஒருவர் கொடுத்துவிட்டால் மற்றவர்களையும் கேட்டாக வேண்டும் என்று, அந்தப் பைலைத் தொட்ட அத்தனை பேரிடமும் உறுதிமொழி வாங்கிவிட்டார். விண்ணப்பித்தவரோடோ நிலத்துக்காரரோடோ உறவு ஏதும் இல்லை என்று ஆளுக்கொரு தாள். எல்லோரும் போட்டுவிட்டார்கள்.

என்னைப் பழைய ரிக்கார்டு அறைக்கு மாற்றிவிட்டார்கள். ஜன்னல் இல்லை. தும்மல்தான் துணை. இது எனக்குத் தண்டனை என்று ஆபீசில் எல்லோருக்கும் தெரியும்.

இனி நீ செய்ய வேண்டியது. ஆகஸ்ட் 6ஆம் தேதி உசிலம்பட்டியில் விசாரணை. வெளி மாவட்டத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி வருகிறார். ஆட்சேபனை மனு கொடுத்தவள் என்ற முறையில் ஆய்வு அறிக்கை, உறுதிமொழித் தாள்கள் எல்லாவற்றுக்கும் நகல் கேள். கொடுத்தாக வேண்டும். விசாரணைக்குரிய மனுவை நீயே எழுது. நான் எழுதித் தர மாட்டேன். நான் எழுதினால் அது என் மனு ஆகிவிடும், உன் ஓடை அடிபட்டுப் போகும்.

திட்டுவாய் என்று தெரியும். திட்டு. ஆனால் தாளைக் கிழி என்று இன்னொரு முறை எழுதாதே அக்கா.

அழகுபாண்டி

புளியங்கரைப்பட்டி
25.7.2025

தம்பிக்கு,

இரண்டு வாரம் உனக்கு எழுதக் கூடாது என்று இருந்தேன். முந்தாநாள் காற்று அதைக் கெடுத்துவிட்டது.

ஆடிக் காற்று தெரியுமே உனக்கு. மச்சானின் பங்காளி சோணையின் ஆட்டுக்கொட்டகைக் கூரை மேல் போட்டிருந்த பிளக்ஸ் பிய்த்துக்கொண்டு வந்து நம் களத்தில் விழுந்தது. எழுத்துப் பக்கத்தை அடியில் வைத்துப் போட்டிருக்கிறான், இரண்டு வருசமாக ஆடுகள்தான் அதைப் படித்திருக்கின்றன. புரட்டிப் பார்த்தேன். கருத்தக்கண்ணன் மகனுடைய காதுகுத்து பிளக்ஸ். வரப்புத் தகராறில் நம்மையும் ஊரையும் கூப்பிடாமல் உசிலம்பட்டி மண்டபத்தில் செய்தார்களே, அது.

நடுவில் பயல் வேட்டி கட்டிக்கொண்டு நிற்கிறான். அவனைவிடப் பெரிதாக, கறுப்புக் கண்ணாடியும் ஆள் உயர மாலையுமாக ஒருத்தர். படத்துக்குக் கீழே: "தாய்மாமன் உயர்திரு. வீ. முத்துப்பாண்டி, பி.இ., அரசுப் பொறியாளர், மதுரை." அடியில்: "அன்புடன் அழைக்கும் கருத்தக்கண்ணன் – சரண்யாதேவி."

களத்தில் கிடந்த கல்லில் உட்கார்ந்து இன்னொரு முறை படித்தேன்.

வாடிப்பட்டியா! நம் ஊரில் கட்டிக்கொண்டு வந்தவளை எந்தக் காலத்தில் பேர் சொல்லிக் கூப்பிட்டோம்? பிறந்த ஊர்தானே அவளுக்குப் பேர். பன்னிரண்டு வருசமாக வாடிப்பட்டியா, வாடிப்பட்டியா என்று கூப்பிட்டுவிட்டு, சரண்யாதேவி எங்கே என்று அவள் வாசலிலேயே போய்க் கேட்டிருக்கிறேன். ஓடைக்கரை அவள் பேரில், கம்பெனி நிலத்துக்குக் கொடுக்கிற பணமும் அவள் வீட்டுக்கு. அங்கே ஓடையே இல்லை என்று எழுதியவர் அவளுடைய அண்ணன். நீ சொன்னபடி நகல் வாங்கி வைத்திருந்தேன், ஓடிப் போய் எடுத்துப் பார்த்தேன். "நிலத்தின் உரிமையாளருடன் எனக்கு உறவு ஏதும் இல்லை" என்று முத்தாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

சோணை லேசுப்பட்டவனா? "எடுத்துக்க மதினி, ஆனா ஆடு நனஞ்சா நீதான் பொறுப்பு" என்றான். நம் தார்ப்பாயைக் கொடுத்துவிட்டு பிளக்ஸை வாங்கினேன். மச்சான் கழுவி வேப்பமரத்தில் காயப்போட்டிருக்கிறார். இதை உனக்கு அனுப்பட்டுமா?

முனீஸ்வரி

மதுரை
29.7.2025

அக்கா,

எனக்கு அனுப்பாதே. என்னிடம் காட்டக்கூடச் செய்யாதே. விசாரணை நடக்கும் இடத்தில், எல்லோர் முன்னிலையிலும் நீயே கொடு. கத்தரித்துக் கொண்டுபோகாதே, முழுசாகக் கொண்டுபோ. யாரிடமும் முன்கூட்டிச் சொல்லாதே, முக்கியமாகச் சோணையிடம்.

ரிக்கார்டு அறையில் தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன். வாட்ச்மேன் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அழகுபாண்டி

புளியங்கரைப்பட்டி
7.8.2025

என் தம்பி அழகுபாண்டிக்கு,

நீ வரக் கூடாது என்பதால் ஒன்று விடாமல் எழுதுகிறேன். மெதுவாகப் படி.

பிளக்ஸைச் சுருட்டிப் பழைய சேலையில் கட்டி பஸ்ஸில் கொண்டுபோனேன். கண்டக்டர், "என்னக்கா, பாயா?" என்றான். "ஆமாப்பா, ஒருத்தரப் படுக்க வைக்கப் போறேன்" என்றேன். ஊரிலிருந்து நாற்பது பேர் வந்தார்கள். முன் வரிசையில் முத்துப்பாண்டி, கம்பெனி வக்கீல். பின்னால் ஓரமாகக் கருத்தக்கண்ணனும் வாடிப்பட்டியாவும். நிலத்துக்காரி சம்மதம் சொல்ல வேண்டும் என்று அவளைக் கூட்டிவந்திருக்கிறான்.

நான் மனுவைப் படித்து முடித்ததும் வக்கீல் எழுந்தான். இந்தம்மாவின் தம்பி அதே ஆபீசில் வேலை பார்க்கிறார், உள்ளேயிருந்து தகவல் கொடுத்திருக்கிறார், இது திட்டமிட்ட சதி என்றான். உன் வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

அந்த அதிகாரி அம்மா பதறவே இல்லை. பைலைப் புரட்டி ஒரு தாளை எடுத்து உரக்கப் படித்தார்கள். "மனுதாரர் முனீஸ்வரி என்னுடன் பிறந்த மூத்த சகோதரி. அவர் மனு கொடுக்க வந்த நாளில் நான் அவரை அலுவலகத்தில் அறியாதவர் போல் நடத்தியது தவறு. இந்தக் கோப்பைப் பார்க்கும் தகுதி எனக்கு இல்லை. என்னை விடுவிக்க வேண்டுகிறேன்." தேதியையும் சேர்த்துப் படித்தார்கள். பிறகு வக்கீலைப் பார்த்து, "இவர் மறைக்கலையே சார். முதல்ல சொன்னதே இவர்தானே" என்றார்கள்.

நீ இப்படி எழுதினாய் என்று என்னிடம் ஏன் சொல்லவில்லை? நீ விலகி எழுதிக் கொடுத்த தாளுக்கும் நகல் வாங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அத்தனை பேருக்கு நடுவில். அந்த அம்மா என்னைப் பார்த்து, "அழகுபாண்டி உங்களுக்கு உறவா?" என்று கேட்டார்கள். "ஆமாங்க மேடம். எங்கூடப் பொறந்த தம்பி. நல்லா எழுதிக்கிடுங்க" என்றேன். மைக் இல்லாமலே வெளியே ரோடு வரை கேட்டதாம்.

அதற்கப்புறம் பிளக்ஸை விரித்தேன். எட்டடிக்கு ஆறடி. ஒரு பக்கம் சோணை, ஒரு பக்கம் மச்சான் பிடித்துக்கொண்டார்கள். முதலில் யாருக்கும் புரியவில்லை. பிறகு ஒவ்வொருத்தராகப் பிளக்ஸைப் பார்க்கிறார்கள், முத்துப்பாண்டியைப் பார்க்கிறார்கள், மறுபடி பிளக்ஸைப் பார்க்கிறார்கள். நம் ஊர் இளவட்டங்கள் விசிலடித்துவிட்டார்கள். அதிகாரி அம்மா அதட்டித்தான் அடக்கினார்கள்.

முத்துப்பாண்டி அசரவில்லை. அந்த மனுசனுக்கு நெஞ்சழுத்தம் அம்புட்டு. எழுந்து நின்று, "மேடம், இதெல்லாம் ஊர்ப்பக்கம் சகஜம். தெரிஞ்ச அதிகாரின்னா மரியாதைக்குப் போட்டோவப் போட்டுக்கிடுவாங்க. பேரு இனிசியல் ஒத்துப்போறது தற்செயல். எனக்கும் இவுங்களுக்கும் எந்தச் சம்பந்தமும் கெடையாது" என்றார். வக்கீலும் தலையாட்டினான். அந்த அம்மாவும் யோசிக்கிற மாதிரி இருந்தது. கைக்கு வந்தது போய்விட்டது என்று நினைத்தேன்.

அப்போதுதான் பின்னால் நாற்காலி விழும் சத்தம். வாடிப்பட்டியா எழுந்துவிட்டாள். கருத்தக்கண்ணன் கையைப் பிடித்து இழுக்கிறான், "ஒக்காருடி, ஒக்காருடி" என்கிறான். அவள் உதறிவிட்டு நேராக முன்னால் வந்தாள்.

"சம்பந்தம் இல்லையாண்ணே? எம்புள்ள யாரு மடியில ஒக்காந்து காது குத்துனான்? தாய்மாமன் மடியில ஒக்கார வைக்காம எந்த ஊர்லண்ணே காது குத்துறாக? அப்பா செத்தன்னைக்கு 'ஒனக்கு நான் இருக்கேன்'னு சொன்னீகளே, அதுவும் மரியாதைக்குத்தானா? 'அண்ணன் சொல்றேன், எதுவும் கேக்காத, நெலம் ஒம்பேர்ல இருக்கட்டும்'னீக. கையெழுத்துப் போட்டேன். இப்ப நான் ஆருன்னே தெரியாதுன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துருக்கீக."

முத்துப்பாண்டி தலையைக் குனிந்தவர் நிமிரவே இல்லை. அவள் சொன்னது ஒவ்வொன்றையும் அதிகாரி அம்மா எழுத வைத்து, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கினார்கள். பிறகு அந்த அம்மா ஜீப்பில் நேராக நம் ஊருக்கே வந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு ஓடைக்குள் இறங்கி, மேலே மலை வரைக்கும் கீழே கண்மாய் வரைக்கும் நடந்து பார்த்தார்கள். மணலை ஒரு கை அள்ளிப் பார்த்துவிட்டு, "இது ஓடை இல்லைன்னா வேற எது ஓடை?" என்றார்கள். ஊரே கைதட்டியது.

உத்தரவு பிறகுதான் வருமாம். எனக்கு இப்போதே வந்துவிட்டது.

ஊருக்குக் கிளம்பும் முன், விசாரணை நடந்த மண்டபத்தில் வாடிப்பட்டியா தனியாக உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். வரப்புத் தகராறை எல்லாம் மறந்துவிட்டுப் போய்த் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன். "குடி, சரண்யா" என்றேன். நிமிர்ந்து பார்த்தாள். இந்த ஊரில் அவளை அப்படி யாரும் கூப்பிட்டதில்லை என்றாள்.

உன் அக்கா
முனீஸ்வரி

மதுரை
18.9.2025

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று கேட்காதே.

உத்தரவு நேற்று வந்தது. உனக்கும் தபாலில் வரும். ஓடைக்கரைக்குக் கொடுத்த அனுமதி ரத்து. முத்துப்பாண்டி சார் தற்காலிகப் பணிநீக்கம். அவர் கையெழுத்துப் போட்ட மற்ற காற்றாலை அறிக்கைகளையும் திரும்ப ஆய்வு செய்யச் சொல்லிவிட்டார்கள். கம்பெனி தன் செலவில் கற்களைப் பிடுங்கி ஓடையைப் பழையபடி ஆக்க வேண்டும். காற்றாலை வைக்க விருப்பம் இருந்தால் கரட்டுக்குத் திரும்பிப் போகலாம், கண்மாய்க்குத் தொந்தரவில்லாத வடக்குப் பாதையில் ரோடு போடலாம். இனி அனுமதி கொடுக்கிற ஒவ்வொருவரின் உறுதிமொழியும் அந்தந்த ஊர்ப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். "மறைக்காமல், தெளிவாகத் தெரியும்படி" என்றே எழுதியிருக்கிறார்கள். போஸ்டரை உரித்த கதையை நீ மனுவில் எழுதிவிட்டாய் போலிருக்கிறது!

என்னை ரிக்கார்டு அறையிலிருந்து வெளியே அழைத்துவிட்டார்கள். பெரிய அதிகாரி எல்லோர் முன்னாலும் கை கொடுத்தார். "அந்தப் பைலை நீங்களே திரும்பப் பாக்குறீங்களா?" என்றார். "சார், எங்க அக்கா அந்த ஊர்லதான் இன்னமும் இருக்கு" என்றேன். சிரித்துவிட்டு வேறொருவரிடம் கொடுத்தார்.

எனக்கு இப்போது இந்த ஆபீசில் யாரைக் கண்டும் பயமில்லை அக்கா. உன்னைத் தவிர.

உன் தம்பி
அழகுபாண்டி

புளியங்கரைப்பட்டி
2.11.2025

என் தம்பிக்கு,

கண்மாய் நிறைந்துவிட்டது.

மலையில் மூன்று நாள் மழை. நேற்றுக் காலை ஓடை இரு கரையும் தொட்டுக்கொண்டு வந்தது. குறுக்கே ஊன்றியிருந்த ஒரு கல் கிடையாது, ஒரு கூடை மண் கிடையாது. பத்து மணிக்குக் கண்மாய் நிரம்பி மறுகால் பாயத் தொடங்கியது. ஊரே கரைக்கு ஓடியது. சோணை வேட்டியோடு குதித்துவிட்டான். சரண்யா மகனைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றாள். கருத்தக்கண்ணன் வரவில்லை, வராமல் இருப்பதே நல்லது. நாலு ஏக்கருக்கும் நாற்று விட்டாயிற்று.

அந்தப் பக்கம், புது அனுமதி கிடைத்த கரட்டுக்கு வடக்குப் பாதையில் காத்தாடி இறக்கையை ஏற்றிக்கொண்டு லாரி போனது. ஒரு இறக்கைக்கு ஒரு லாரி. அதைப் பார்த்தும் எல்லோரும் கை ஆட்டினார்கள். தண்ணீர் ஒரு பக்கம், காற்று ஒரு பக்கம். இந்த ஊரில் பிறந்ததற்கு இவ்வளவு சந்தோசம் நான் பட்டதில்லை.

கரையில் நின்றபோது உன்னைத்தான் நினைத்தேன். நீ அந்த மேஜையிலேயே ஒட்டிக்கொண்டிருந்தால், நான் சொன்னபடி ஒரு தாளைக் கிழித்திருந்தால், முத்துப்பாண்டியும் நீயும் ஒன்றுதான் என்று அந்த வக்கீல் ஒரே பேச்சில் முடித்திருப்பான். நீ எழுந்து போனதால்தான் நான் அங்கே எழுந்து நிற்க முடிந்தது. நீ செய்தது சரி. நான் சொன்னது தப்பு.

இதை என் வாயால் சொல்லிக் கேட்கலாம் என்று ஊருக்கு வந்துவிடாதே, சொல்ல மாட்டேன். எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், வைத்துக்கொள்.

இப்படிக்கு,
அழகுபாண்டியுடன் பிறந்த மூத்த சகோதரி
முனீஸ்வரி